சுக்காவ் போகலாமா? கினபாத்தாங்கான் ஆற்றங்கரைக் கிராமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்னியோ தீவின் வடக்கே, மலேசியாவின் சபா மாநிலத்தில், கினபாத்தாங்கான் ஆற்றின் கரையில் இருக்கும் சின்ன ஊர் சுக்காவ். காட்டு யானை, ஒராங்குட்டான், நீள்மூக்குக் குரங்கு, முதலை, இருவாச்சி எல்லாவற்றையும் படகில் உட்கார்ந்தபடியே பார்க்க வாய்ப்பிருக்கும் இடம். போக நினைக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

எப்படிப் போவது?

பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர் சண்டாக்கான். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து சண்டாக்கானுக்கு இன்னொரு விமானம், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சபாவின் தலைநகர் கோத்தா கினபாலு வழியாகவும் வரலாம். அங்கிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சாலையில் என்றால் ஆறு மணி நேரம்.

சண்டாக்கானிலிருந்து சுக்காவ் சாலை வழியே சுமார் 130 கிலோமீட்டர், இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். லாஹாட் டத்து போகும் நெடுஞ்சாலையில் வந்து சுக்காவ் பிரிவில் திரும்ப வேண்டும். பெரும்பாலும் தங்குமிடத்துக்காரர்களே வேன் ஏற்பாடு செய்துவிடுவார்கள். வழி நெடுகச் செம்பனை, அதாவது பாமாயில் மரத் தோட்டம்தான். மழைக்காட்டை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் தூங்கிவிடாமல் ஜன்னல் வழியே பாருங்கள். அடுத்த நாள் ஆற்றில் பார்க்கப்போவதைப் புரிந்துகொள்ள அந்த இரண்டு மணி நேரம் தேவை.

சில தங்குமிடங்கள் சண்டாக்கானிலிருந்து கடல் வழியாக, ஆற்றின் முகத்துவாரத்துக்குள் நுழைந்து, அபாய் கிராமத்தைத் தாண்டிப் படகிலேயே கூட்டிவருகின்றன. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு வழியாவது அப்படி வாருங்கள். அலையாத்திக் காடு முடிந்து நிப்பா பனை தொடங்கி, அதுவும் மறைந்து நன்னீர்க் காடு வருவதை வரிசையாகப் பார்க்கலாம்.

விசா வேண்டுமா? சபாவுக்குத் தனி அனுமதி உண்டா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மலேசியா போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், அந்த நாட்டின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். சபாவுக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து உள்நாட்டு விமானத்தில் வந்தாலும் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஆக வேண்டும், பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மழை ஒப்பீட்டளவில் குறைவு. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. டிசம்பர், ஜனவரியில் ஆறு கரையைத் தாண்டிக் காட்டுக்குள் பரவுவது இங்கே சாதாரணம். இந்தக் காடே வெள்ளத்தில் வளர்ந்த காடுதான். அப்போது நடைபாதைகள் மூழ்கிவிடும், சில நாள் படகுப் பயணம் ரத்தாகும். ஆனால் படகு ஓடும் நாட்களில், மற்ற மாதங்களில் நுழைய முடியாத கிளை ஓடைகளுக்குள்ளும் போகலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது மே முதல் செப்டம்பர் வரை. அப்போதும் மழை வரும், மழைக்கோட்டு கட்டாயம்.

இன்னொன்று, நேரம். மலேசியா முழுக்க ஒரே கடிகாரம். ஆனால் சபா கிழக்கே தள்ளி இருப்பதால் கோலாலம்பூரைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே பொழுது விடிந்து, முன்னதாகவே சாய்ந்துவிடும். மாலை ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டு. அதனால்தான் படகுகள் காலை ஆறு மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் கிளம்புகின்றன. மதியம் வந்து சேர்ந்து மாலைப் படகைத் தவறவிட்டால் பாதிப் பயணம் வீண்.

மிருகங்கள் நிச்சயம் கண்ணில் படுமா? இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடிகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். மழைக்காட்டுக்குள் நாள் முழுக்க நடந்தாலும் ஒரு பெரிய விலங்கைக்கூடப் பார்க்காமல் திரும்புவது சகஜம். மரம் அடர்ந்திருக்கும், மிருகம் உச்சியில் இருக்கும், சத்தம் மட்டும்தான் கேட்கும். சுக்காவில் ஒரே மாலையில் மூன்று நான்கு வகைக் குரங்குகளைப் பார்த்துவிடலாம். கீழ் கினபாத்தாங்கானில் பத்து வகைக் குரங்கினங்களும் எட்டு வகை இருவாச்சிகளும் இருக்கின்றன. நீள்மூக்குக் குரங்கு, நீள்வால் குரங்கு, உடும்பு, பாம்புத்தாரா, இருவாச்சி இவையெல்லாம் ஏறக்குறைய எப்போதும் தென்படும். முதலையும் பெரும்பாலும் தென்படும். ஒராங்குட்டானுக்கும் யானைக்கும் அதிர்ஷ்டம் வேண்டும்.

ஏன் இப்படி என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு காரணம், ஆறு மரங்களுக்கு நடுவே ஒரு திறந்த இடத்தை உண்டாக்கித் தருகிறது. இன்னொரு காரணம், மிருகங்களுக்குப் போக வேறு இடம் இல்லை. 1950களிலிருந்து இந்தப் பகுதியில் மரம் வெட்டினார்கள். கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். வெட்டி முடித்த நிலத்தில் செம்பனை வந்தது. இப்போது ஆற்றின் இரு கரையிலும் மிஞ்சியிருப்பது மெல்லிய காட்டுப் பட்டை. சில இடங்களில் அது ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை வரிசை.

மிஞ்சியதைக் காப்பாற்ற 2005-ல் சுமார் 26,000 ஹெக்டேர் காடு கீழ் கினபாத்தாங்கான் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது ஒரே துண்டாக இல்லை, ஆற்றோரமாகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. சபாவின் 1998-ம் ஆண்டு நீர்வளச் சட்டப்படி, மூன்று மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளின் இரு கரையிலும் 20 மீட்டர் அளவுக்கு இயற்கையை விட்டுவைக்க வேண்டும். அப்படியும் செம்பனை நீர்விளிம்பு வரை வந்திருக்கும் இடங்களைப் படகிலிருந்தே பார்ப்பீர்கள்.

ஆக, எளிதாகப் பார்க்க முடிவது மகிழ்ச்சியான விஷயம் மட்டும் இல்லை. நெருக்கடியில் இருக்கும் மிருகங்களைத்தான் பார்க்கிறோம். கீழே படகு, தங்குமிடம், சாப்பாடு பற்றி நான் சொல்லும் யோசனைகளுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

காண்டாமிருகத்துக்கு அந்த நெருக்கடி முற்றிலுமாக முடிந்துபோயிற்று. மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசி சுமத்ரா காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது.

நீள்மூக்குக் குரங்கை மாலையில்தான் பார்க்க முடியும் என்பது ஏன்?

போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத குரங்கு இது. ஆணுக்கு வாயை மறைத்துத் தொங்கும் மூக்கு, எடை 20 கிலோவுக்கு மேலும் போகும். பெண் அதில் பாதிதான் இருக்கும். பகலில் உள்காட்டில் இலையும் பழுக்காத காயும் தின்றுகொண்டிருக்கும். பொழுது சாயும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக ஆற்றங்கரை மரங்களுக்கு வந்து தூங்கும். கரையோர மரம் என்றால் படைச்சிறுத்தை போன்ற எதிரிகள் வரக்கூடிய வழி குறைவு. விடிந்ததும் மறுபடி உள்ளே போய்விடும். அதனால் காலை ஆறு மணிப் படகும் வீணாகாது.

இலை செரிக்க நேரம் எடுக்கும். இதன் வயிறு பல அறைகள் கொண்டது. உள்ளே நுண்ணுயிரிகள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. அந்தப் பெருவயிறு அதனால்தான். சுக்காவுக்குப் பக்கத்தில் மெனாங்குல் என்ற சின்னக் கிளையாறு இருக்கிறது. அங்கே ஆய்வு செய்த ஜப்பானிய விஞ்ஞானி இக்கி மட்சுடாவும் சக ஆய்வாளர்களும், இந்தக் குரங்கு தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மாடு போல அசைபோடுவதை 2011-ல் பதிவு செய்தார்கள். குரங்கினத்தில் அதற்கு முன் யாரும் காணாத பழக்கம் இது. நன்றாக நீந்தவும் செய்யும். கால் விரல்களுக்கிடையே ஓரளவு சவ்வு உண்டு. உயர்ந்த கிளையிலிருந்து ஆற்றில் பாய்ந்து மறுகரை ஏறுவதைப் பார்க்க நேர்ந்தால் அந்த மாலை மறக்காது.

மெனாங்குலுக்குள் எல்லாப் படகும் போகும் என்பதால் விடுமுறை மாதங்களில் நெரிசலாக இருக்கும். அப்படியிருந்தால் பெரிய ஆற்றிலேயே மேல்பக்கம் போகச் சொல்லிப் படகோட்டியிடம் கேளுங்கள்.

செபிலோக்கிலேயே ஒராங்குட்டானைப் பார்த்துவிடலாமே?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். சண்டாக்கானுக்கு அருகில் 1964-ல் தொடங்கப்பட்ட மறுவாழ்வு மையம் அது. தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குப் பழக்குகிறார்கள். காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மேடையில் உணவு வைப்பார்கள், அப்போது வரும். ஆனால் காட்டில் தானாக வாழும் ஒராங்குட்டான் வேறு அனுபவம். அத்திமரம் பழுத்திருக்கும் இடத்தில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கும். படகோட்டி விரலை நீட்டிக் காட்டினாலும் சிவந்த முடிக் கற்றை ஒன்று மட்டும் தெரியும். காத்திருந்தால் ஒரு கை நீளும்.

கீழ் கினபாத்தாங்கானில் சுமார் 800 ஒராங்குட்டான்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 1998 முதல் சுக்காவிலேயே இருந்து ஊர்க்காரர்களோடு இதை ஆராய்ந்துவரும் அமைப்பு ஹூத்தான். ஒராங்குட்டானுக்கு நீந்த வராது. முன்பெல்லாம் ஓடையின் இரு கரை மரங்களும் உச்சியில் கைகோத்திருக்கும், அவை கடந்துவிடும். பெரிய மரங்கள் போனபின் சின்ன ஓடைகூடத் தடையாகிவிட்டது. அதனால் இந்த அமைப்பு 2003-லிருந்து ஓடைகளின் மேல் கயிற்றுப் பாலங்கள் கட்டிவருகிறது. படகு போகும்போது தலைக்கு மேலே கயிறு தெரிந்தால் அது இதற்காகத்தான்.

யானை?

போர்னியோ யானை, ஆசிய யானையிலேயே உருவில் சிறிய கிளையினம். உலகில் மொத்தம் ஏறக்குறைய ஆயிரம்தான் இருக்கின்றன. 2024-ல் அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. ஆற்றோரப் புல்லை மேய்ந்துகொண்டே கூட்டமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும். வழியில் தோட்டமும் மின்வேலியும் குறுக்கிடுகின்றன. இந்தப் பிரச்சினை நமக்குப் புதிதில்லை, வால்பாறையிலும் கூடலூரிலும் பார்ப்பதுதான். கூட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று படகோட்டிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கரையில் குட்டியோடு நிற்கும்போது படகுகள் சுற்றி நெருக்கினால், உங்கள் படகையாவது பின்னால் எடுக்கச் சொல்லுங்கள்.

படகு, வழிகாட்டி விஷயத்தில் எதைக் கவனிப்பது?

ஒரு படகில் எத்தனை பேர், வழிகாட்டி ஊர்க்காரரா, மிருகத்தைக் கண்டதும் என்ஜினை அணைப்பாரா. முன்பதிவு செய்யும்போதே இந்த மூன்றையும் கேளுங்கள். சில இடங்களில் கிளையாற்றுக்குள் நுழைந்ததும் சத்தமில்லாத மின்மோட்டாருக்கு மாற்றுகிறார்கள். கொஞ்சம் கூடுதல் பணம் என்றாலும் அதையே எடுங்கள். சத்தம் இல்லாதபோதுதான் காட்டின் சத்தம் கேட்கும். இருவாச்சி சிறகடித்துப் போவது பறவை கண்ணில் படுமுன் காதில் விழும்.

உணவு போடக் கூடாது, கிளையை ஆட்டக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. பைனாகுலர் ஒன்று ஆளுக்கு இருந்தால் நல்லது. பக்கத்தில் போகச் சொல்லிப் படகோட்டியை நச்சரிக்க வேண்டியிருக்காது. கேட்டால் மறுக்க அவருக்குச் சங்கடம், அந்தச் சங்கடத்தை நாம் கொடுக்க வேண்டாம்.

இரவுப் படகு ஒருமுறை போனால் போதும். கிளையில் தூங்கும் மீன்கொத்தி, மீன் பிடிக்கும் ஆந்தை, நீரில் சிவந்து மினுங்கும் முதலைக் கண்கள். எல்லாம் அழகுதான், ஆனால் தினமும் டார்ச் அடித்து எழுப்பப்படும் பறவைகளை நினைத்தால் இரண்டாவது தடவை போக எனக்கு மனம் வருவதில்லை.

லாட்ஜில் தங்குவதா, ஊர் வீட்டில் தங்குவதா?

ஆற்றங்கரை லாட்ஜ்களில் வசதி அதிகம். வயதானவர்கள் கூட வந்தால் அதுவே சரி. மற்றபடி ஊர் வீடுகளில் தங்குவதைத்தான் நான் சொல்வேன். சுக்காவிலும், இதே ஆற்றங்கரையில் உள்ள பிலித் கிராமத்திலும் இப்படித் தங்கலாம். மேல்பக்கம் பத்து பூத்தே கிராமத்தில் ஊரார் கூட்டாக நடத்தும் ஹோம்ஸ்டே இருக்கிறது. காடு நின்றால் தங்களுக்கு வருமானம் என்ற நிலை ஊர்க்காரருக்கு வர வேண்டும். அவர்கள் கைக்கு நேரே போய்ச் சேரும் பணம் அதற்கு உதவும்.

இங்குள்ளவர்கள் ஒராங் சுங்கை மக்கள், ஆற்றை நம்பி வாழ்ந்தவர்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள், ஊருக்குள் தோளும் முழங்காலும் மறையும் உடை போடுங்கள், சாப்பிடவும் கொடுக்கவும் வலது கை. பெரியவர்களைப் பாக்சிக் (மாமா), மாக்சிக் (அத்தை) என்று கூப்பிட்டால் முகம் மலரும். மது எடுத்துப்போக வேண்டாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

முன்பே சொல்லிவைத்தால் கிடைக்கும். கீரை வதக்கல், கத்தரிக்காய், முட்டை, டோஃபு, சோறு. ஒரு எச்சரிக்கை: காய்கறி வதக்கலிலும் சம்பலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ப்பது வழக்கம். இறைச்சி இல்லை என்பதையே சைவம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே மீன், இறால், பெலாச்சான் மூன்றும் வேண்டாம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். தீபகற்ப மலேசியா போலத் தமிழர் அதிகம் உள்ள இடமில்லை இது, இட்லிக் கடையை எதிர்பார்க்காதீர்கள். அசைவர்களுக்கு ஆற்று மீனும் பெரிய ஆற்று இறாலும் அருமை.

ஆற்றில் குளிக்கலாமா?

கூடாது. பெரிய உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. கரையில் குனிந்து கை கழுவவும் வேண்டாம். படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்.

அட்டை, கொசு, காய்ச்சல் பயம்?

நடந்து போனால் அட்டை ஏறும். நோய் எதையும் பரப்பாது, ரத்தம் கொஞ்சம் வழியும், அவ்வளவே. முழங்கால் வரை வரும் அட்டை உறை வாங்கிக்கொள்ளுங்கள். கால்களுக்கு ஊர்க்காரர்கள் போடும் கறுப்பு ரப்பர் ஷூவே சிறந்தது. மலேசியாவில் எங்கும் மலிவாகக் கிடைக்கும், சேற்றில் வழுக்காது, கழுவினால் உடனே காய்ந்துவிடும்.

மலேரியாவை லேசாக எடுக்காதீர்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்ளூரில் தோன்றவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியே வரும் நோலெசி என்ற வகை சபாவில் இருக்கிறது, அது வேகமாக முற்றக்கூடியது. டெங்குவும் உண்டு. மாலையில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி, கிளம்புமுன் மருத்துவரிடம் ஆலோசனை. ஊர் திரும்பியபின் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், போர்னியோ காட்டுக்குப் போய்வந்ததை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கோமந்தோங் குகை பார்க்க வேண்டியதா?

வழியில்தான் இருக்கிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டாவது பாருங்கள். உழவாரன் குருவிகள் எச்சிலால் கட்டும் கூடுகளுக்காக நூற்றாண்டுகளாகப் பேர்பெற்ற இடம். சீனர்கள் இவற்றைச் சூப் வைப்பார்கள். அரசு அனுமதியோடு, குறிப்பிட்ட பருவங்களில் மட்டும், பிரம்பு ஏணியிலும் கயிற்றிலும் தொங்கி எடுக்கிறார்கள். கூரை சில இடங்களில் 90 மீட்டர் உயரம் என்பதை அண்ணாந்து பார்த்தால்தான் அந்த வேலையின் ஆபத்து புரியும். தரையெல்லாம் வௌவால் எச்சம், அதன்மேல் கரப்பான் கூட்டம். தொப்பியும் முகக்கவசமும் போடுங்கள், பாதையின் கைப்பிடியைத் தொடாதீர்கள். மாலையில் வௌவால்கள் புகை போலக் கிளம்புவதையும் அவற்றைப் பிடிக்கப் பருந்துகள் சுற்றுவதையும் வெளியே நின்று பார்க்கலாம்.

கிழக்கு சபா பாதுகாப்பானதா?

2013-ல் லாஹாட் டத்து பக்கம் ஆயுதக் குழு ஊடுருவியது. கடற்கரையிலும் தீவுகளிலும் ஆள் கடத்தல்களும் நடந்தன. அதனால் 2014 முதல் கிழக்குக் கடலோர நீர்ப்பகுதிகளில் இரவு ஊரடங்கு கொண்டுவந்து நீட்டித்து வந்திருக்கிறார்கள். சுக்காவ் உள்நாட்டு ஆற்றங்கரை ஊர், அந்த அச்சம் இங்கே குறைவு. கடல் வழியாக வருவதென்றால் பகலில் மட்டும் வாருங்கள், கிளம்புமுன் அந்நேரத்து அறிவிப்பைப் பாருங்கள்.

எத்தனை நாள் தங்குவது?

இரண்டு இரவு குறைந்தபட்சம், மூன்று என்றால் நிம்மதி. ரொக்கத்தைச் சண்டாக்கானிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பார்த்தபின் பாமாயில் வாங்குவதை நிறுத்திவிட வேண்டுமா?

நம் ரேஷன் கடையில் பாமாயில் வாங்காத குடும்பம் குறைவு. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா, அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அதனால் கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு ஹெக்டேரில் செம்பனை தரும் எண்ணெயைக் கடலையோ சூரியகாந்தியோ தராது. எல்லோரும் வேறு எண்ணெய்க்கு மாறினால் இன்னும் அதிக நிலம் வேண்டியிருக்கும். மலிவு எண்ணெயை நம்பிச் சமைக்கும் வீட்டைக் குற்றம் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கினபாத்தாங்கானில் பணம் எங்கே வித்தியாசம் உண்டாக்கும் என்றால், காட்டுத் துண்டுகளை இணைப்பதில். வெள்ளம் நின்று செம்பனை சரியாக விளையாத கரையோர நிலங்களைத் திரும்பக் காடாக்கினால் தோட்டத்துக்கு நஷ்டம் குறைவு, யானைக்கு வழி கிடைக்கும்.

நாங்கள் மரம் நட முடியுமா?

முடியும். சுக்காவில் ஊர்ப் பெண்கள் குழுவாக இந்த வேலையைச் செய்கிறார்கள். தங்குமிடத்தில் முன்பே சொன்னால் அரை நாள் ஏற்பாடு செய்து தருவார்கள். ஆனால் நடுவது சின்ன வேலை. நட்டபின் கொடியும் புல்லும் கன்றை மூடிவிடும், வெள்ளம் வந்தால் அழுகும், யானை மிதிக்கும், மான் தின்னும். இரண்டு மூன்று வருடம் திரும்பத் திரும்பக் களை எடுத்து, செத்த கன்றுக்குப் பதில் வேறு நட்டால்தான் அது மரமாகும். ஆகவே ஒரு கன்று நட்டுப் படம் எடுப்பதைவிட, பராமரிப்புச் செலவுக்கு என்று கேட்டுப் பணம் கொடுங்கள். உடம்பு ஒத்துழைத்தால் நடுவதற்குப் பதிலாகக் களை எடுக்க வருகிறேன் என்று சொல்லுங்கள், அந்தக் குழுவுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை அங்கேதான். முழுக்கைச் சட்டை, கையுறை, இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும்.